குதிரை போனது, பந்தயம் போகவில்லை

"மிஸ், கொழும்பிலை குதிரை ஓடுற இடம் எங்கை இருக்கு?"

வன்னியில் ஒரு கிராமத்துக்குக் கள வேலையாகப் போயிருந்தபோது ஓர் அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. சுயதொழில் உதவியாகக் கிடைத்த ஆடுகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கத்தான் அவரது வீட்டுக்குப் போயிருந்தேன். நான்கு ஆடுகளில் இரண்டுதான் பட்டியில் நின்றன. மற்ற இரண்டும் எங்கே என்று கேட்டதற்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். பிறகு சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஒரு கடதாசித் துண்டை எடுத்துக் காட்டினார். ஆங்கிலத்தில் சில பெயர்கள், பக்கத்தில் சில இலக்கங்கள். மகனின் காற்சட்டையைத் துவைக்கும்போது பொக்கற்றுக்குள் இருந்து எடுத்ததாம்.

அந்த அம்மாவின் கணவர் 2009இல் காணாமற் போனவர். அப்போது சிறு பிள்ளையாக இருந்த மகன் இப்போது மேசன் வேலைக்குக் கையாளாகப் போகிறார். "அவன் குடிக்க மாட்டான் மிஸ். ஒருத்தரோடையும் சண்டைக்கும் போக மாட்டான். பின்னேரத்திலை ரவுணுக்குப் போய் றேசுக்குக் காசு கட்டுறான். அது மட்டுந்தான்" என்றார் அம்மா. இரண்டு ஆடுகளும் அந்த "மட்டுந்தான்" என்ற சொல்லுக்குள் போயிருந்தன.

கொழும்பில் எங்கோ ஓரிடத்தில் குதிரைகள் ஓடுகின்றன, மகனின் காசு அங்கே போய்ச் சேருகிறது என்றுதான் அவர் நினைத்திருந்தார். கொழும்பில் குதிரைப் பந்தயம் 1956ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது என்று நான் சொன்னதும் அவர் திகைத்துப் போனார். "அப்ப இந்தக் குதிரையள் எங்கை ஓடுது?" என்று கேட்டார்.

அன்று அவருக்கு அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு மைதானத்தின் கதைதான். ஆனாலும் எங்கள் வீட்டு உலைப் பானைக்கும் அந்தக் கதைக்கும் தொடர்பு இருக்கிறது.

கடற்கரையில் தொடங்கிய ஓட்டம்

வடக்கில் குதிரை என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வருவது நெடுந்தீவுதான். அந்நியர் ஆட்சிக் காலத்தில் கொண்டுவந்து வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை அங்கே இன்றும் வெளியில் மேய்ந்து திரிகின்றன. பந்தயம் என்றதும் நினைவுக்கு வருவது மாட்டுவண்டிச் சவாரி. சவாரித் திடலில் ஊரே கூடும். மாட்டை வளர்த்தவரும் அந்த ஊரார், பார்ப்பவரும் அந்த ஊரார்.

குதிரைப் பந்தயம் அப்படி ஊருக்குள்ளிருந்து வளர்ந்த விளையாட்டு அல்ல. ஆங்கிலேய அதிகாரிகளும் இராணுவத்தினரும் தங்கள் நாட்டுப் பொழுதுபோக்கை இங்கே கொண்டுவந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் அவர்கள் குதிரை ஓட்டிய இடம் காலிமுகத்திடல். இன்று பிள்ளைகள் பட்டம் விடுகிற, குடும்பங்கள் இறால் வடை வாங்கிச் சாப்பிடுகிற அதே புல்வெளிதான்.

காலிமுகத்திடலில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. கொழும்புக்குப் போகும் சகோதரிகள் ஒருமுறை தேடிப் பார்க்கலாம். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த கடலோர நடைபாதையைப் பற்றிய கல் அது. கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலன் கருதி இந்த நடைபாதையைப் பேணும்படி தனக்குப் பின்வரும் ஆளுநர்களிடம் அவர் அதில் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் மனதில் வைத்திருந்தது பெரும்பாலும் வெள்ளைக்காரச் சீமாட்டிகளைத்தான் என்பதில் ஐயமில்லை. என்றாலும் ஒரு பொது நிலம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று கல்லில் எழுதி வைத்ததை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். கதையின் கடைசியில் இது உதவும்.

சேவலுக்குச் சட்டம், குதிரைக்கு மைதானம்

1893ஆம் ஆண்டில் கொழும்பின் குதிரைப் பந்தயம் காலிமுகத்திடலை விட்டுக் கறுவாத்தோட்டத்துக்கு இடம் மாறியது. ஒல்லாந்தர் காலத்தில் கறுவாச் செடிகள் நின்ற நிலம் அது. பின்னர் பெரிய மாளிகைகளும் அகன்ற வீதிகளும் உள்ள செல்வந்தர் பகுதியாகியது. அங்கே இன்றைய றீட் அவெனியூ ஓரமாகப் பெரிய பந்தயத் திடல் அமைந்தது. பார்வையாளருக்கு மாடிக் கட்டடம், குதிரைகளுக்கு நீள்வட்டப் பாதை எல்லாம் வந்தன.

இந்த இடத்தில் இன்னொரு ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 1889இல், சூதாட்டக் கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. பொது இடத்திலும் தெருவோரத்திலும் பணம் வைத்து ஆடுவதும் சேவற் சண்டையும் அந்தச் சட்டத்தின் கீழ் குற்றமாயின. ஏழைகள் சந்தியில் நின்று சேவலின் மேல் காசு வைத்தால் பொலிஸ் பிடிக்கும். கனவான்கள் மாடியில் அமர்ந்து குதிரையின் மேல் காசு வைத்தால் ஆளுநரே வந்து கிண்ணம் கொடுப்பார். இரண்டு இடத்திலும் நடந்தது ஒரே செயல். ஒன்றுக்குச் சூது என்று பெயர், மற்றதற்கு விளையாட்டு என்று பெயர்.

சூதாட்டம் பற்றிப் பேசும்போது "படிக்காததுகள்தான் இப்படிக் காசை அழிக்குதுகள்" என்று எங்கள் சமூகத்தில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்துக்கு மரியாதையும் மைதானமும் கொடுத்து வளர்த்தவர்கள் நன்றாகப் படித்தவர்களும் ஆட்சியில் இருந்தவர்களும் என்பதை மறந்துவிடக் கூடாது.

மலையகத்திலும் இதே கதைதான். நுவரெலியாவில் பந்தயத் திடல் 1875இல் அமைக்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் உள்ள அந்தக் குளிர் நகரம் வெள்ளைக்காரத் துரைமாரின் ஓய்வு நகரமாக இருந்தது. அதைச் சுற்றியுள்ள மலைகளில் முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் வளர்ந்தன. தென்னிந்தியாவிலிருந்து வந்த எங்கள் சகோதரிகள் கொழுந்து கிள்ளிய கூடைகளிலிருந்து வந்த செல்வம், பந்தயத் திடலில் தொப்பி அணிந்து அமர்ந்திருந்தோரின் செல்வமாகியது. நுவரெலியாவில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய ஏப்ரல் பருவத்தில் பந்தயம் நடத்தும் வழக்கம் இன்னும் தொடர்கிறது. ஆளுநர் கிண்ணம் என்ற அந்தக் காலப் பெயர்கூட மாறவில்லை.

குதிரை ஓடிய பாதையில் விமானம்

இரண்டாம் உலகப் போர் வந்தபோது கறுவாத்தோட்டத்துத் திடல் போருக்குப் போனது. யப்பானியர் 1942 பெப்ரவரியில் சிங்கப்பூரைப் பிடித்தனர். அடுத்தது இலங்கையாக இருக்கலாம் என்று பிரித்தானியர் அஞ்சினர். இரத்மலானை விமானத் தளம் மட்டும் போதாது என்று கருதி, பந்தயத் திடலை விமான ஓடுபாதையாக மாற்றினார்கள்.

1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலை, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நகரத்தின் நடுவே குதிரைத் திடலில் ஒரு விமானத் தளம் இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அங்கிருந்து பிரித்தானியரின் ஹரிகேன் விமானங்கள் எழுந்து போரிட்டன. அவற்றில் பல திரும்பி வரவில்லை. துறைமுகத்தை நோக்கி வந்த தாக்குதலில் அங்கொடை மனநோய் வைத்தியசாலை மீதும் குண்டுகள் விழுந்தன. போர் நடப்பதையே அறியாதவர்களும் அங்கே இறந்திருப்பார்கள். நான்கு நாட்களின் பின், ஏப்ரல் 9ஆம் திகதி, திருகோணமலை தாக்கப்பட்டது.

குண்டு விழும்போது அதன் கீழ் இருப்பவர்கள் யார் என்பதை இந்தச் சஞ்சிகையின் வாசகிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

போர் முடிந்ததும் கொழும்புத் திடல் மீண்டும் குதிரைகளுக்குத் திரும்பிக் கிடைத்தது. அதே போர்க் காலத்தில்தான் வடக்கில் பலாலி விமானத் தளமும் பிரித்தானியரால் அமைக்கப்பட்டது. அதன் பின்னர் நடந்த எங்கள் நாட்டுப் போரில் அந்தத் தளத்தைச் சுற்றிய வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தார்கள். அந்தக் காணிகள் இன்னும் முழுமையாகத் திரும்பிக் கிடைக்கவில்லை. குதிரைகளுக்குத் திடல் எவ்வளவு விரைவாகக் கிடைத்தது என்பதையும் மனிதருக்குத் தோட்டக் காணி எவ்வளவு தாமதமாகிறது என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

1956இல் மூடப்பட்டது எது?

1956இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தலைமையில் புதிய அரசாங்கம் வந்தது. குதிரைப் பந்தயம் சூதாட்டம் என்றும், அந்நியர் விட்டுச்சென்ற மேட்டுக்குடிப் பழக்கம் என்றும் எதிர்ப்பு வலுவாக இருந்த காலம் அது. கொழும்புத் திடலில் பந்தயம் நிறுத்தப்பட்டது. குதிரைகள் போயின. பந்தயத்தை நம்பி வாழ்ந்த குதிரைக்காரர்களும் இலாட வேலை செய்தோரும் வேறு பிழைப்புத் தேடினார்கள்.

அந்தக் கட்டடத்துக்கு அதன் பின்னர் நல்ல காலமும் வந்தது. 1960களில் தாய்மொழிக் கல்வி வழியே கிராமப்புறப் பிள்ளைகள் பெருந்தொகையாகப் பல்கலைக்கழகம் புகுந்தபோது இடம் போதவில்லை. பந்தயம் பார்ப்பதற்காகக் கட்டப்பட்ட மாடிக் கட்டடத்தில் கலைப்பீட வகுப்புகள் நடந்தன. ஒரு காலத்தில் கனவான்கள் பணம் வைத்து ஆடிய இடத்தில் ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகள் கொப்பியும் கையுமாக இருந்து படித்தார்கள். சமூகவியல் படித்தவள் என்ற முறையில், அந்தத் திடலின் வரலாற்றில் எனக்குப் பிடித்த பக்கம் இதுதான்.

பின்னர் நீண்ட காலம் கட்டடம் பராமரிப்பின்றிப் பழுதடைந்தது. உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்த காலத்தில், அது திருத்தப்பட்டது. 2012இலிருந்து அங்கே கடைகளும் உணவகங்களும் றகர் மைதானமும் உள்ளன. பழைய மாடிக் கட்டடத்தின் முகப்பு அப்படியே நிற்கிறது. "றேஸ்கோர்ஸ்" என்றுதான் இன்றும் பஸ்காரரும் முச்சக்கர வண்டிக்காரரும் சொல்கிறார்கள். பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது, குதிரை இல்லை.

அப்படியானால் அந்த மகன் காசு கட்டிய குதிரை எங்கே ஓடியது?

இங்கிலாந்தில். 1956இல் மூடப்பட்டது மைதானம். பந்தயம் பிடிக்கிற கடை மூடப்படவில்லை. வெளிநாட்டில் நடக்கும் ஓட்டத்தின் மேல் இங்கே காசு வாங்குகிற "புக்கி" எனப்படும் பந்தயக்காரர்கள் தொடர்ந்து தொழில் செய்தார்கள். 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம், பந்தயம் பிடிக்கும் தொழிலிடமிருந்து அரசாங்கம் தீர்வை அறவிட வழிசெய்தது. சூது கூடாது என்று மைதானத்தை மூடிய நாட்டில் சூதிலிருந்து வரி வாங்குவது வழமையாகிவிட்டது. 2025இல் சூதாட்டத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் அதிகார சபை ஒன்றுக்கான சட்டத்தையும் பாராளுமன்றம் நிறைவேற்றியது.

பின்னேரத்தில் திறக்கும் உலகம்

இங்கிலாந்துக்கும் எங்களுக்கும் நேர வித்தியாசம் கோடையில் 4½ மணித்தியாலம், குளிர்காலத்தில் 5½ மணித்தியாலம். அங்கே மதியம் தாண்டித் தொடங்கும் ஓட்டங்கள் எங்கள் ஊரில் பின்னேரமும் இரவும் ஆகும்போது நடக்கின்றன. கூலி வேலை முடித்து, சம்பளம் கையில் வாங்கி, மேல் கழுவி வரும் நேரம் அது. வீட்டுக்குப் போகும் வழியில் கடை இருக்கிறது. உள்ளே தொலைக்காட்சியில் குதிரை ஓடுகிறது. ஓட்டம் ஒன்று சில நிமிடங்களில் முடிகிறது. அடுத்ததற்குத் துண்டு எழுதக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். தோற்றவர் யோசிக்கும் முன்பே அடுத்த ஓட்டம் தொடங்கிவிடும்.

இப்போது கைத்தொலைபேசியிலும் பந்தயம் வந்துவிட்டது. கடைக்குப் போகிறவரை ஊரார் கண்டு வீட்டில் சொல்லவாவது செய்வார்கள். பாயில் படுத்தபடி போர்வைக்குள் ஆடுபவரை யாரும் காணப்போவதில்லை.

ஒரு சிறிய கணக்கு

"ஒருநாள் 5,000 ரூபா விழுந்தது, ஒருநாள் 12,000 விழுந்தது" என்று பந்தயம் பிடிப்பவர்கள் சொல்வார்கள். அது பொய்யாக இருக்காது. ஆனால் விழுந்த நாள்தான் அவர்களுக்கு நினைவில் நிற்கும், போன நாட்கள் நிற்கா. ஆகவே நாம் கணக்குப் பார்ப்போம்.

பத்துப் பேர் ஆளுக்கு 100 ரூபா கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,000 ரூபா. கடைக்காரர் தன் இலாபத்துக்கும் செலவுக்கும் வரிக்குமாக 200 ரூபாவை எடுத்துக்கொள்கிறார் என்று உதாரணத்துக்குச் சொல்வோம். மிகுதி 800 ரூபாதான் வென்றவர்களுக்குத் திரும்பிப் போகும். அந்த 800 ரூபாவும் அடுத்த ஓட்டத்துக்குக் கட்டப்பட்டால் 640 ரூபா திரும்பும். மூன்றாவது ஓட்டத்தில் 512, நான்காவதில் 410, ஐந்தாவதில் 328. பத்தாவது ஓட்டம் முடியும்போது அந்தப் பத்துப் பேரிடமும் சேர்த்து எஞ்சியிருப்பது 107 ரூபா மட்டுமே.

இந்தக் கணக்கில் ஏமாற்று எதுவும் இல்லை. கடைக்காரர் நேர்மையாகத் தொழில் செய்தாலும் முடிவு இதுதான். எந்தக் குதிரை வென்றாலும் கடை தோற்பதில்லை. பத்துப் பேரில் ஒருவர் அன்று வெல்லலாம். அவர் வென்றது மற்ற ஒன்பது வீடுகளின் அரிசிக் காசு.

இன்னொரு கணக்கு. நாளொன்றுக்கு 300 ரூபா, வாரத்தில் 6 நாள். வாரத்துக்கு 1,800 ரூபா. விழுந்ததையும் திரும்பக் கட்டித் தோற்பவருக்கு 52 வாரத்தில் 93,600 ரூபா போய்விடுகிறது. "சின்னக் காசுதானே" என்று சொல்பவர்களுக்கு முன்னால் ஒரு பென்சிலும் கடதாசியும் வைத்து இதை எழுதிக் காட்டுங்கள். அந்தக் காசில் எத்தனை சீற் தகரம் வாங்கலாம், எத்தனை ஆடு வாங்கலாம் என்று பக்கத்தில் எழுதுங்கள்.

பணயம் வைக்கப்படுவது யார்?

சூதைப் பற்றி வள்ளுவர் தனி அதிகாரமே எழுதினார். பாரதக் கதையில் தருமர் நாட்டைத் தோற்றார், தம்பியரைத் தோற்றார், தன்னைத் தோற்றார், கடைசியில் திரௌபதியையும் வைத்துத் தோற்றார். சபையில் திரௌபதி கேட்ட கேள்வியை எங்கள் பெண்கள் கூத்துகளில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்கள். முதலில் தன்னையே தோற்ற ஒருவருக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்பதுதான் அந்தக் கேள்வி. அந்தச் சபையில் ஒருவராலும் சரியான பதில் சொல்ல முடியவில்லை.

இன்றும் அதே கேள்வியைத்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது. நான் சந்தித்த குடும்பங்களில் பந்தயத்துக்குப் போனது ஆண் உழைத்த காசு மட்டுமல்ல. குழுவாகச் சேர்ந்து பெண் எடுத்த கடனின் தவணைக் காசு போயிருக்கிறது. சீட்டுக் காசு போயிருக்கிறது. காதில் கிடந்த தோடு அடகுக் கடைக்குப் போயிருக்கிறது. கடன் துண்டில் கையெழுத்து வைத்தவர் பெண். தவணை தவறினால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் வாசலுக்கு வந்து நிற்பதும் அவரிடம்தான்.

பந்தயம் பிடிப்பவரைக் கெட்டவர் என்று ஒதுக்குவதும் பிழை. அந்த அம்மாவின் மகனை நான் பின்னர் சந்தித்துப் பேசினேன். தகப்பன் இல்லாமல் வளர்ந்த பிள்ளை. முகாமில் பள்ளிக்கூடம் போன பிள்ளை. வீட்டைக் கட்டி முடிக்க வேண்டும், தங்கச்சியைக் கரைசேர்க்க வேண்டும் என்ற பாரம் அவரது தலையில் இருக்கிறது. நாட்கூலியில் அது ஒருபோதும் நடக்காது என்று அவர் முடிவு செய்திருந்தார். "ஒருக்கா பெரிசா விழுந்தாக் காணும் அக்கா, பிறகு விட்டிடுவன்" என்றார். அந்த ஒருக்கா என்ற நம்பிக்கையைத்தான் கடை விற்கிறது. தோற்றதை மீட்க மேலும் கட்டுவது, வீட்டில் மறைப்பது, கடன் வாங்குவது, நிறுத்த முயன்றும் முடியாமல் தவிப்பது என்று இது முற்றிவிட்டால், உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலேயே இது ஒரு கோளாறாக இடம்பெற்றுள்ளது. திட்டினால் நோய் மாறாது.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, மறைக்க வேண்டாம். "குடிக்கிறதில்லைத்தானே" என்று ஆறுதல் கொள்வதால் காசு மிஞ்சாது. எவ்வளவு போனது, யாரிடம் கடன் இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சண்டைக்காக அல்ல, இருவரும் இருந்து பார்ப்பதற்காக. அவர் நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு காலை நேரத்தைத் தெரிந்தெடுங்கள். தோற்று வந்த இரவில் இதைப் பேச வேண்டாம்.

இரண்டாவது, பந்தயக் கடனை இரகசியமாக அடைக்க வேண்டாம். ஒருமுறை தோட்டை விற்று அடைத்தால், அடுத்த முறை அடைக்கவும் ஆள் இருக்கிறது என்ற எண்ணம் வந்துவிடும். உங்கள் பெயரில் புதிய கடன் எடுத்துக் கொடுக்கவே வேண்டாம். எழுதாத கடதாசியில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

மூன்றாவது, உங்கள் உழைப்பும் உதவிப் பணமும் உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் இருக்கட்டும். அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் பிள்ளைகளிடமோ கணவரிடமோ கொடுக்க வேண்டாம். காணி உறுதியையும் நகையையும் பாதுகாப்பான இடத்தில் வையுங்கள். இதில் குற்ற உணர்வு தேவையில்லை. அடுப்பு எரிவதற்காகச் செய்வது துரோகமாகாது.

நான்காவது, சட்டத்தின் துணை உண்டு. உழைக்கும் கணவர் வீட்டுச் செலவுக்குக் கொடாமல் விட்டால், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் உங்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். காசு கேட்டு அடித்தாலோ பயமுறுத்தினாலோ 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

ஐந்தாவது, பந்தயத்தை நிறுத்த விரும்பியும் முடியாமல் இருப்பவருக்கு மருத்துவ உதவி உண்டு. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் பேசலாம். 1942இல் குண்டு விழுந்த அங்கொடை வைத்தியசாலைதான் இன்று அந்த நிறுவனமாக இருக்கிறது. தோல்வியால் மனமுடைந்து "இருந்து என்ன பயன்" என்று யாராவது பேசினால் அதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். அன்றைக்கே அழையுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஊரில் பின்னேரங்களில் இளைஞர் போய் இருக்க ஓர் இடம் வேண்டும். விளையாட்டுத் திடல், வாசிகசாலை, சனசமூக நிலையம் எதுவும் இல்லாத ஊரில் விளக்கு எரிகிற ஒரே இடம் பந்தயக் கடை என்றால் அவர்கள் அங்கேதான் போவார்கள். காலிமுகத்திடல் கல்லில் ஓர் ஆளுநர் எழுதி வைத்ததை எங்கள் பிரதேச சபையிடம் நாமும் கேட்கலாம். பெண்களும் பிள்ளைகளும் கூடக்கூடிய ஒரு பொது நிலம் எங்கள் ஊருக்கும் வேண்டும்.

அந்த அம்மாவிடம் இவ்வளவையும் அன்று சொல்லவில்லை. குதிரை ஓடுவது இங்கிலாந்தில் என்றும், மகன் கட்டிய காசு இங்கிலாந்துக்கும் போகவில்லை, ரவுணில் உள்ள கடைக்காரரிடம்தான் இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அந்தக் குதிரைக்குப் புல்லு வாங்கவும் எங்கடை காசு போகேல்லை" என்றார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

அடுத்த மாதம் மாதர் சங்கக் கூட்டத்தில் அவரே எழும்பி இந்தக் கதையைச் சொன்னார். மகன் என்று சொல்லவில்லை, "தெரிஞ்ச ஒரு வீட்டிலை" என்றுதான் தொடங்கினார். சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு சகோதரி, "எங்கடை வீட்டிலையும் இருக்குது" என்றார். அவரைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பேர் பேசினார்கள். அன்றைய கூட்டம் முடிய வழமையைவிட ஒரு மணித்தியாலம் கூடிவிட்டது.

இப்போது பட்டியில் மூன்று ஆடுகள் நிற்கின்றன. ஒன்று குட்டி. மகன் பந்தயத்தை முழுதாக விட்டுவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். வாரச் சம்பளத்தில் பாதியை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத்தான் ரவுணுக்குப் போகிறாராம். மற்றப் பாதியைப் பற்றி இருவரும் கொப்பியை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறார்கள்.